தொலைவிலிருந்து இயக்கும் வானொலியில் ஒலி அறுவது எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விடயத்தைச் சுற்றி எழுதப்பட்டவை: ஊரில் உள்ள அமெச்சூர் வானொலி நிலையத்தை வேறோர் இடத்திலிருந்து இணையத்தின் வழியாக இயக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் ஒலி இடையிடையே அறுந்துபோகிறது. அறிகுறி ஒன்றுதான், காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஆகவே கடிதங்களைச் சேர்த்துப் பொதுவாகப் பதில் சொல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தொழில் காரணமாக நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். காரைநகரில் உள்ள எங்கள் வீட்டில் ஐகொம் ஐசி-7300 செற்றும் 40 மீற்றர் (7 மெகாஹேர்ட்ஸ்) அலைப்பட்டைக்கான இருமுனை அன்ரனாவும் இருக்கின்றன. செற் யூ.எஸ்.பி. கேபிளால் ஒரு சிறிய கணினியுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கணினி வைஃபை வழியாக 4ஜி ரவுட்டரைச் சேர்கிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. மாலை ஏழு மணிக்குப் பிறகு, 40 மீற்றரில் நிலையங்கள் நன்றாகக் கேட்கும் நேரத்தில், நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை குரல் அறுகிறது. வேகச் சோதனை 20 மெகாபிற் காட்டுகிறது. கூடிய கட்டணப் பக்கேஜுக்கு மாறியும் பயனில்லை. அக்கா குடும்பத்தினரும் அதே ரவுட்டரைத்தான் பயன்படுத்துகிறார்கள். குறை செற்றிலா, இணையத்திலா?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: முதலில் எந்த அமைப்பையும் மாற்றாமல், ஒலி அறும்போது பின்னணி இரைச்சலுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கவனித்துக் கேளுங்கள். மாலையில் 40 மீற்றரில் அலை மங்குவது இயல்பு. அப்போது குரல் மெல்லத் தாழ்ந்து இரைச்சலுக்குள் அமிழும், இரைச்சல் மட்டும் தொடர்ந்து கேட்கும். இணையத்தில் ஒலியைச் சுமந்துவரும் தரவுத் துண்டுகளான பொதிகள் தொலைந்தாலோ குரலுடன் இரைச்சலும் சேர்ந்து வெட்டியெடுத்தாற்போல் மறைந்து, ஓர் இமைப்பொழுது முழு அமைதி நிலவும். இடிமின்னல் காலத்தில் மூன்றாவது வகையும் உண்டு: பலத்த வெடிப்பொலி ஒன்று வந்ததும் செற்றின் தானியங்கி ஒலிமட்டக் கட்டுப்பாடு உணர்திறனைக் குறைத்துவிட, அடுத்த ஒரு செக்கனுக்கு எல்லாமே மங்கிக் கேட்கும். அந்தக் கட்டுப்பாட்டை வேக நிலைக்கு மாற்றினால் அது தணியும். இம்மூன்றையும் காதால் பிரித்தறியாமல் இணையத்தில் கைவைப்பவர்கள் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

வெட்டியெடுத்தாற்போன்ற அமைதிதான் என்று உறுதியானால், அடுத்து அது எந்த இடத்தில் நிகழ்கிறது என்று காணவேண்டும். உங்கள் செற்றிலேயே எஸ்.டி. அட்டையில் ஒலியைப் பதியும் வசதி இருக்கிறது. மாலையில் பத்து நிமிடம் அக்காவைக் கொண்டு அதைப் பதியச் செய்யுங்கள். அதே பத்து நிமிடம் காரைநகர்க் கணினியிலும் ஒலிப்பதிவு மென்பொருளை ஓடவிடுங்கள். வெள்ளவத்தையில் நீங்கள் கேட்பதையும் பதியுங்கள். அட்டையில் ஒலி முழுமையாக இருந்து கணினிப் பதிவில் அறுந்திருந்தால், குறை யூ.எஸ்.பி. கேபிளிலோ கணினியிலோ இருக்கிறது. இணையத்துக்கு அதில் பங்கில்லை. காரைநகரில் பதிந்த இரண்டும் முழுமையாக இருந்து உங்கள் பதிவு மட்டும் அறுந்திருந்தால்தான் இணையத்தைக் குற்றம் சொல்லலாம். நான் ஒரு தடவை ஏறத்தாழ ஒரு மாதம் இணையச் சேவையில் பிழை தேடினேன். இறுதியில், மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கணினி தன் யூ.எஸ்.பி. வாயிலை அவ்வப்போது உறங்கவைத்ததே காரணமாக இருந்தது. இந்த மூன்று பதிவுகளை அன்றே எடுத்திருந்தால் ஒரு மாலையில் முடிந்திருக்கும். உங்கள் கணினியிலும் யூ.எஸ்.பி. உறக்கம், வைஃபை மின்சேமிப்பு ஆகிய இரண்டையும் இப்போதே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் எழுதிய நேரக்கணக்கைப் பார்த்தால் உங்கள் குறை பெரும்பாலும் இணையத்தில்தான் வெளிப்படும். ஆனால் வேகத்தில் அல்ல. வேகச் சோதனை காட்டிய 20 மெகாபிற் பதிவிறக்க அளவு. உங்கள் ஒலி காரைநகரிலிருந்து வெளியே போகிறது. ஆகவே அந்த வீட்டின் பதிவேற்றம்தான் கணக்கு. அதிலும் ஒலிக்கு வேண்டியது மிகச் சொற்பம். அமெச்சூர்கள் பேசப் பயன்படுத்தும் ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) முறையில் குரலின் அகலம் ஏறத்தாழ 2.7 கிலோஹேர்ட்ஸ்தான். 2012 இல் தரமாக்கப்பட்ட ஓப்பஸ் என்ற ஒலிச்சுருக்க முறையில் செக்கனுக்கு 24 கிலோபிற்றில் அதைத் தெளிவாக அனுப்பலாம். பொதிகளின் தலைப்புகளுக்கு ஏறத்தாழ 16 கிலோபிற்றைச் சேர்த்தாலும் 40 ஐத் தாண்டாது. பக்கேஜை மாற்றியதில் பயன் கிடைக்காததன் காரணம் இதுவே. ஒலிக்கு அகலமான பாதை தேவையில்லை, ஒழுங்கான வருகைதான் தேவை.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஒலி பொதுவாக 20 மில்லிசெக்கன் துண்டுகளாக வெட்டப்பட்டு, செக்கனுக்கு 50 பொதிகளாகப் புறப்படுகிறது. அவை இணையத்தில் ஒரே சீராக வந்து சேர்வதில்லை. சில நெருங்கியும் சில பிந்தியும் வரும். நம் தோட்டக் கிணறுகளில் துலாவால் இறைக்கும் நீர் பட்டை பட்டையாகத்தான் வந்து விழும்; கிணற்றடித் தொட்டி அதை வாங்கி வாய்க்காலுக்குச் சீராக விடும். கேட்கும் பக்கத்தில் பஃபர் எனப்படும் இடைத்தேக்கம் செய்வதும் அதே வேலை. தொட்டியில் 60 மில்லிசெக்கன் ஒலி மட்டுமே இருக்க, அடுத்த பொதி 150 மில்லிசெக்கன் பிந்தினால், தொட்டி வற்றி ஒலி அறும். பிந்திய பொதி பிறகு பத்திரமாக வந்து சேர்ந்தாலும் அதனால் பயனில்லை. காதைப் பொறுத்தவரை பிந்தியதும் தொலைந்ததும் ஒன்றே.

மாலையில் பொதிகள் பிந்துவதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கக்கூடும். ஒன்று, அந்தப் பகுதியின் 4ஜி கோபுரத்தில் ஒரே நேரத்தில் பலர் இருப்பது. அதில் நம் கை எட்டாது. மற்றையது வீட்டுக்குள் இருக்கிறது. மாலையில் எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் கைத்தொலைபேசிகள் வைஃபையில் சேர்ந்து, அன்றைய படங்களையும் காணொளிகளையும் மேகச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்குகின்றன. ரவுட்டரின் பதிவேற்ற வரிசை நிரம்பிவிடுகிறது. உங்கள் சிறிய ஒலிப்பொதி அந்தப் பெரிய கோப்புகளின் பின்னால் வரிசையில் நிற்கிறது. இதைச் சோதிப்பது எளிது. காரைநகர்க் கணினியிலிருந்து ரவுட்டருக்கும், வெளியே உள்ள ஒரு பொது முகவரிக்கும் தனித்தனியாக ஐந்நூறு தடவை பிங் எனப்படும் சோதனைப் பொதியை அனுப்பிப் பாருங்கள். ரவுட்டருக்குப் போய்வரும் நேரமே 2, 3 மில்லிசெக்கனிலிருந்து அடிக்கடி நூறுக்குத் தாவினால் நோய் வைஃபையில் இருக்கிறது. ரவுட்டர் வரை சீராக இருந்து வெளி முகவரிக்கு மட்டும் தாவினால், வீட்டிலுள்ள தொலைபேசிகளின் வைஃபையை ஐந்து நிமிடம் நிறுத்திவைத்து மீண்டும் பாருங்கள். அப்போது நேரம் இறங்கினால் வரிசைதான் காரணம், இறங்காவிட்டால் கோபுரம்.

வரிசைக்கு மருந்து உண்டு. அக்காவிடம் சொல்லித் தொலைபேசிகளின் தானியங்கிப் படப் பதிவேற்றத்தை நள்ளிரவுக்கு மாற்றலாம். மாற்ற முடியாவிட்டால் மாலையில் நிறுத்திவைக்கலாம். அதைவிட நிலையான வழி, வரிசையை முறைப்படுத்தும் கேக் அல்லது எஃப்.கியூ.கோடெல் முறையுள்ள ரவுட்டரைப் பயன்படுத்துவது. ஓப்பன்டபிள்யூஆர்டி மென்பொருள் ஏற்றக்கூடிய ரவுட்டர்களில் அது கிடைக்கும். அதில் பதிவேற்ற வரம்பை, மாலையில் நீங்கள் அளந்த மிகக் குறைந்த வேகத்துக்கும் சற்றுக் கீழே வையுங்கள். மாலையில் 4 மெகாபிற் கிடைத்தால் 3 என்று வைத்தால் போதும். வேகம் சிறிது குறைந்தது போலத் தோன்றும், குரல் அறாது.

வைஃபைக்கு மருந்து கேபிள். செற்றுக்கு அருகில் நிற்கும் கணினியை வைஃபையில் விடுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. சாதாரண ஈதர்நெற் கேபிள் நூறு மீற்றர் வரை போகும். ஒரு வீட்டுக்குள் அவ்வளவு தூரம் வராது. கேபிளுக்கு வழியே இல்லையென்றால் 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய அலைவரிசைகள்தான் ஒன்றோடொன்று மேவாதவை. அவற்றுள் அயலில் நெரிசல் குறைந்ததை நிலையாகத் தெரிவுசெய்யுங்கள்.

4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் நேரடிப் பொது முகவரி கிடைப்பதில்லை. ரவுட்டர் காட்டும் முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், சேவை வழங்குநர் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார் என்று பொருள். அதனால்தான் பலரும் ரெயில்ஸ்கேல் போன்ற, இணையத்துக்குள் இரு முனைகளையும் தனியே இணைக்கும் வலையமைப்பை (வி.பி.என்.) நாடுகிறார்கள். அது நல்ல வழிதான். ஆனால் இரு முனைகளும் நேரடியாகச் சந்திக்க முடியாதபோது அது ஒலியை வெளிநாட்டிலுள்ள ஓர் இடைநிலையச் சேவையகத்தினூடாகச் சுற்றி அனுப்பும். அந்த இடைநிலையம் டி.சி.பி. முறையில் வேலை செய்கிறது. தொலைந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெறும்வரை பின்னால் வரும் பொதிகளையும் அது நிறுத்திவைக்கும். கோப்புகளுக்கு அது நல்ல பண்பு, நேரடி ஒலிக்குக் கேடு. இணைப்பு நேரடியா, இடைநிலையம் வழியா என்று அந்த மென்பொருளே காட்டும். இடைநிலையம் என்று காட்டினால், வெள்ளவத்தைப் பக்க ரவுட்டரில் தொலைந்த பொதிக்காகக் காத்திராத யூ.டி.பி. முறைக்கு வாயிலொன்றைத் திறந்துவிட்டுப் பாருங்கள். அங்கே உங்களுக்கு ஃபைபர் இணைப்பு இருந்து, அதற்குப் பொது முகவரியும் இருந்தால் நேரடிச் சந்திப்பு பெரும்பாலும் கைகூடும். ஃபைபர் இல்லாவிட்டாலும் முயல்வதில் தவறில்லை.

இவை எல்லாவற்றுக்கும் பிறகே இடைத்தேக்கத்தைத் தொடுங்கள். 300 மில்லிசெக்கனில் தொடங்கி, ஒரு மாலை முழுவதும் அறாமல் இருந்தால் படிப்படியாகக் குறைத்து வாருங்கள். ஆறுதலாக உரையாடுவதற்கு 300 மில்லிசெக்கன் தாமதம் இடையூறில்லை. மோர்ஸ் அனுப்புபவருக்கும் போட்டிகளில் கலந்துகொள்பவருக்கும் அது பெருஞ்சுமை. எஃப்டி8 என்ற கணினிவழிக் குறிமுறையை இயக்கினால் ஒலியை வெள்ளவத்தைக்குக் கொண்டுவரவே வேண்டாம். 15 செக்கன் சுற்றில் ஒரு சிறு அறுப்பும் குறிமாற்றத்தைக் கெடுக்கக்கூடும். குறிமாற்றும் மென்பொருளைக் காரைநகர்க் கணினியிலேயே ஓடவிட்டு, அதன் திரையை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. காரைநகர் கடலோடு ஒட்டிய இடம். ரவுட்டருக்கு வெளியே 4ஜி அன்ரனா பூட்டியிருந்தால் அதன் இணைப்பியை ஆண்டுக்கு இரு தடவையாவது கழற்றிப் பாருங்கள். சோளகக் காற்றில் வரும் உப்பு அந்தச் சிறு இணைப்பிகளைப் பச்சை பிடிக்கவைக்கும். துப்புரவாக்கி, தானாக ஒட்டிக்கொள்ளும் இறப்பர் நாடாவால் இறுகச் சுற்றிவிடுங்கள்.

கேள்வி: பருத்தித்துறையில் உள்ள நண்பர் தன் செற்றைக் கேட்பதற்கு மட்டும் எனக்கு வழிசெய்து தந்திருக்கிறார். ஊரின் அலைகளைக் கனடாவில் இருந்தவாறு கேட்பது எனக்குப் பெரிய நிறைவு. ஆனால் ஏறத்தாழ 35 நிமிடத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் வைத்தாற்போல், ஒலி ஒரு கணம் அறுந்து திரும்புகிறது. தூரம்தான் காரணமா?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: தூரம் தாமதத்தைத் தரும், அறுப்பைத் தராது. யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் இடையில் நேர்க்கோட்டிலேயே 13,000 கிலோமீற்றருக்கும் மேல். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்வதால், ஒரு பொதி போய்த் திரும்புவதற்கு 130 மில்லிசெக்கனுக்குக் குறையவே முடியாது. கடலடிப் பாதைகள் வளைந்து செல்வதால் உண்மையில் அதைவிடக் கூடும். எல்லாப் பொதியும் அதே அளவு பிந்துமானால் உங்கள் காதுக்கு அது தெரியவே தெரியாது.

கடிகாரம் வைத்தாற்போல் என்று நீங்கள் எழுதிய சொல்லே திறவுகோல். நெரிசலால் வரும் அறுப்புக்கு நேரம் காலம் இல்லை. ஒழுங்கான இடைவெளியில் வரும் அறுப்பு கருவிகளின் கடிகாரங்களிலிருந்து வருகிறது. பருத்தித்துறையில் ஒலியை வெட்டும் கருவியும் ஸ்காபரோவில் அதை ஒலிக்கும் கருவியும் செக்கனுக்கு 48,000 ஒலி மாதிரிகள் என்று சொல்லிக்கொண்டாலும், ஒவ்வொன்றும் தன் கடிகாரத் துடிப்பைத் தரும் பளிங்கைப் பார்த்தே எண்ணுகிறது. இரண்டு பளிங்குகளுக்கும் இடையில் பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருப்பது மிகச் சாதாரணம். அப்படியானால் செக்கனுக்கு 2.4 மாதிரிகள் கூடும் அல்லது குறையும். 100 மில்லிசெக்கன் இடைத்தேக்கத்தில் இருப்பது 4,800 மாதிரிகள். அது 2,000 செக்கனில், அதாவது 33 நிமிடம் 20 செக்கனில், வற்றிவிடும் அல்லது நிரம்பி வழியும். உங்கள் 35 நிமிடம் இதற்கு எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

இடைத்தேக்கத்தை 200 ஆக்கிச் சோதியுங்கள். இடைவெளி ஏறத்தாழ இருமடங்கானால் காரணம் உறுதி. ஆனால் அது மருந்தல்ல, தவணை. வேறுபாட்டைத் தானாக அளந்து மாதிரிகளை நுண்மையாக நீட்டியும் குறுக்கியும் சரிசெய்யும் ஒலி மென்பொருளுக்கு மாறுவதே தீர்வு. அது முடியாவிட்டால், கேட்பதில் இடைவேளை வரும்போது ஒலியோட்டத்தை நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். தொட்டி பழைய மட்டத்துக்கு வந்துவிடும். இடைவெளி அரைமணி அல்லாமல் ஒரு நிமிடம் அளவில் இருந்தால் கடிகாரத்தை விட்டுவிட்டு, மடிக்கணினி பின்னணியில் வேறு வைஃபைகளைத் தேடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கொடிகாமத்து வீட்டிலுள்ள நிலையத்தைச் சாவகச்சேரியிலிருந்து இயக்குகிறேன். கேட்கும்போது குறை இல்லை. 21 மெகாஹேர்ட்ஸில் 100 வாற்றில் பேசத் தொடங்கினால் இணைப்பே விழுந்துவிடுகிறது. 7 மெகாஹேர்ட்ஸில் அப்படி நடப்பதில்லை.
— வாசகர், சாவகச்சேரி

பதில்: அன்ரனாவைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் அலையை வெளிவிடாமல் வெப்பமாக்கும் போலிச்சுமையைப் பூட்டி அதே 100 வாற்றில் பேசிப் பாருங்கள். போலிச்சுமையிலும் இணைப்பு விழுந்தால் மின்வழங்கலைப் பாருங்கள்: 100 வாற்றில் செற் 13.8 வோல்ற்றில் ஏறத்தாழ 20 அம்பியர் இழுக்கும். அதே மின்வழங்கலிலிருந்து ரவுட்டருக்கும் கணினிக்கும் மின் கொடுத்திருந்தால், பேசும் ஒவ்வொரு தடவையும் அவற்றின் வோல்ற்றளவு சரியும். ராஸ்பெரி பை என்ற சிறு கணினியை வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 5 வோல்ற் 4.63 வரை இறங்கினாலே அது குறைமின் எச்சரிக்கை காட்டும். ரவுட்டருக்குத் தனி வழங்கல் வையுங்கள்.

ஆனால் ஓர் அலைப்பட்டையில் மட்டும் நடப்பதால், போலிச்சுமையில் விழாது என்றே நினைக்கிறேன். அன்ரனாவிலிருந்து வானொலி அலை கேபிள்களின் வெளிப்புறம் வழியாகக் கணினிக்குள் திரும்பி வருகிறது. 21 மெகாஹேர்ட்ஸில் கால் அலைநீளம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். அந்த நீளத்துக்கு அண்மையான யூ.எஸ்.பி. அல்லது ஈதர்நெற் கேபிள் ஒன்று உங்கள் அறையில் நல்ல அன்ரனாவாகவே வேலை செய்துகொண்டிருக்கும். யூ.எஸ்.பி. கேபிளை இயன்றவரை குட்டையாக்குங்கள். கேபிளின் வெளிப்புறத்தில் வரும் அலையைத் தடுக்கும் 31 ஆம் வகை ஃபெரைற் (காந்தப்பொருள்) வளையத்தில் யூ.எஸ்.பி., ஈதர்நெற், ரவுட்டரின் மின்வயர் ஆகிய ஒவ்வொன்றையும் ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். வளையத்தினூடாக ஒரு தடவை நுழைத்துவிட்டால் இந்த அலைவரிசையில் போதிய தடுப்பு இராது. முனையில் ஊட்டும் கம்பி அன்ரனாவாக இருந்தால், அதன் ஊட்டுக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் ஒரு தடுப்புச் சுருள் வேண்டும். அதுவரை 21 மெகாஹேர்ட்ஸில் வலுவை 20 வாற்றுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒலிபரப்பிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் செற் தொடர்ந்து ஒலிபரப்பிலேயே நின்றுவிடுமா? தொலைவிலிருந்து இயக்கத் தனி அனுமதி வேண்டுமா?
— மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: நின்றுவிடலாம் என்றே வைத்துக்கொண்டு நிலையத்தை அமைக்க வேண்டும். ஒலிபரப்பத் தொடங்கு என்ற கட்டளை போய்ச் சேர்ந்து, நிறுத்து என்ற கட்டளை போகுமுன் இணைப்பு அறுந்தால், செற்றுக்கு அது தெரியாது. ஆகவே இரண்டு காவல்கள் தேவை: இணைப்பில் சில செக்கன் ஒன்றும் வராவிட்டால் தானே கேட்கும் நிலைக்குத் திருப்பும் மென்பொருள் ஒன்று, செற்றிலேயே உள்ள நேரவரம்பு மற்றொன்று. ஐசி-7300 போன்றவற்றில் கணினிவழி ஒலிபரப்புக்கு 3 நிமிட வரம்பு வைக்கலாம். வீட்டில் இருப்பவர் யாரேனும் ஒருவருக்குச் செற்றின் மின்னாளி எது என்று காட்டியும் வையுங்கள். கணினியின் அறிவிப்பு மணிகளையும் அணைத்துவிடுங்கள். செற்றின் ஒலிவாயிலைக் கணினி தன் பொது ஒலிபெருக்கியாக எடுத்துக்கொண்டால், யாரோ அனுப்பிய குறுஞ்செய்தியின் மணி அலையேறிப் போகும்.

அனுமதியைப் பொறுத்தவரை, இலங்கையின் 4எஸ்7 அழைப்புக்குறியுடன் இயங்கும் நிலையத்தில் நடப்பவை அனைத்துக்கும் உரிமம் பெற்றவரே பொறுப்பு. உரிமம் வழங்குவது இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. தொலைவிலிருந்து இயக்கப்போவதாகவும், எங்கிருந்து, யார், எந்த வழியில் இயக்குவார்கள் என்பதையும் எழுதிக் கேட்டு, பதிலை எழுத்திலேயே பெற்று வைத்திருங்கள். பதில் வரும்வரை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த நாள்களில் போலிச்சுமையைப் பூட்டி, ஒருவரைச் செற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஒலிபரப்பின் நடுவே ரவுட்டரின் கேபிளை இழுத்துப் பாருங்கள். எத்தனை செக்கனில் செற் கேட்கும் நிலைக்குத் திரும்புகிறது என்பதைக் குறித்துக்கொண்டு, அது ஒவ்வொரு தடவையும் தவறாமல் திரும்பினால் மட்டும் அன்ரனாவைப் பூட்டுங்கள்.